பெட் காலி இல்லை

நம் ஊரில் ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து அதிகம் கேட்கும் வாக்கியங்களுக்கு ஒரு போட்டி வைத்தால் 'சில்லறை இல்லை' ரொம்ப வருஷம் முதலிடத்தில் இருந்தது. போனில் காசு அனுப்பும் காலம் வந்ததும் அது ரிடையர் ஆகிவிட்டது. அந்த இடத்தை 'சர்வர் டவுன் ஸார்' பிடித்துக்கொண்டது. இவை இரண்டுக்கும் நமக்குக் கோபம்தான் வரும். கோபம் வராமல் வயிற்றைக் கலக்குகிற வாக்கியம் ஒன்று உண்டு. 'பெட் காலி இல்லை.'

அதைச் சொல்லும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சினிமா தியேட்டரில் 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டுபவர் முகத்திலாவது லேசாக ஒரு பெருமிதம் தெரியும். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் எந்த முகபாவமும் இருக்காது. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரைப் பார்க்காமலே, உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் கொஞ்சம் நாகரிகம் உண்டு. "கூட யார் வந்திருக்கா? இன்ஷூரன்ஸா, கேஷா? அட்வான்ஸ் கட்டிடறீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, நாலாவதாக "பேஷன்ட்டுக்கு என்ன?" என்பார்கள்.

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர் இருக்கிறார். உலகத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வவுச்சர் கேட்பார். மருத்துவம் பெறுவது மனித உரிமை என்று எங்கோ படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

"உரிமைன்னா என்னய்யா? பேசறது, ஓட்டுப் போடறது, கோயிலுக்குப் போறது. இதுக்கெல்லாம் எவனும் பில் கட்ட வேண்டாம். வைத்தியம்னா டாக்டருக்குச் சம்பளம், மருந்துக்குக் காசு, கரண்ட் பில். அடுத்தவன் பாக்கெட்லேர்ந்து எடுத்துக் கொடுக்கறது எப்படி உரிமை ஆகும்? அது தர்மம். முடிஞ்சா போடு, முடியலன்னா போய்ட்டே இரு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அக்கவுண்டன்ட்கள் சொல்வது எப்போதுமே கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் ஓட்டுப் போட பூத், மை, மெஷின், அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும் ஊழியர் எல்லாம் இருக்கிறதே, அதற்கு பில் கட்டுவது யார்? உங்கள் வீட்டில் திருடன் புகாமல் இருக்க போலீஸ், புகுந்தால் விசாரிக்க கோர்ட். எல்லாம் அடுத்தவன் பாக்கெட்தான். காசே செலவில்லாத உரிமை என்று யோசித்துப் பார்த்தால் கொட்டாவி விடும் உரிமை ஒன்றுதான் தேறுகிறது.

உரிமை என்று சொன்னது நானில்லை. 1948 டிசம்பர் 10-ம் தேதி ஐ.நா. சபை பாரிஸில் கூடி உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது, அதன் 25-வது ஷரத்தில் சாப்பாடு, துணி, வீடு என்ற வரிசையில் மருத்துவத்தையும் சேர்த்து எழுதிவைத்தார்கள். (அந்தப் பிரகடனத்தின் முதல் ஷரத்து 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி ஆரம்பித்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் நம் நாட்டு ஹன்ஸா மேத்தா. இல்லாவிட்டால் பாதிப் பேர் க்யூவிலேயே நின்றிருக்க முடியாது.)

ஆனால் நமது அரசியல் சட்டம் கொஞ்சம் சாமர்த்தியம் பண்ணியது. பொது சுகாதாரத்தை உயர்த்துவது அரசின் கடமை என்று 47-வது பிரிவில் இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் தகராறு. 'வழிகாட்டும் நெறிமுறைகள்' என்ற பகுதி. பெரியப்பா கல்யாணத்தில் சொல்லும் அறிவுரை மாதிரி. மரியாதையாகத் தலையாட்டலாம், செய்யாவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய அடிப்படை உரிமைகள் பட்டியலில் ஆஸ்பத்திரி என்ற சொல்லே கிடையாது. அங்கே 21-வது பிரிவு என்று ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. சட்டப்படியான முறையில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்று. தூக்குத் தண்டனை, போலீஸ் காவல் போன்ற சங்கதிகளை மனதில் வைத்து எழுதியது போலத்தான் படிக்கும்போது தோன்றும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆஸ்பத்திரி எப்படி நுழைந்தது என்பது சுவாரஸ்யமான கதை. இதில் இரண்டு விபத்துகள் உண்டு.

முதலாவது, ஒரு ஸ்கூட்டர்காரர். வேகமாக வந்த கார் அடித்துப் போட்டுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "இது போலீஸ் கேஸ். இங்கே பார்க்கக்கூடாது" என்று 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பேப்பரில் வந்த இந்தச் செய்தியைக் கத்தரித்து சுப்ரீம் கோர்ட்டில் மனுவாகப் போட்டார் பரமானந்த் கட்டாரா என்ற வக்கீல். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் சம்பிரதாயமெல்லாம் அப்புறம் என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் பிற்பாடு இதையே சொன்னது. "போலீஸ் வரட்டும்" என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அவர் 1989-க்கு முந்தைய சட்டத்தை மனப்பாடம் பண்ணியவர் என்று அர்த்தம்.

இரண்டாவது கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

1992 ஜூலை 8. மேற்கு வங்காளத்தில் மதுராபூர் ஸ்டேஷன். ராத்திரி ஏழே முக்கால். ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து மண்டையில் பலத்த அடி. (பெயர் தீர்ப்பில் இருக்கிறது. நமக்கு வேண்டாம். அவர் பெயர் எடுப்பதற்காக விழவில்லை.) உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதில் தப்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூளை ஆபரேஷன் பண்ண முடியாது. இனிமேல்தான் விஷயம்.

ராத்திரி 11.45, கல்கத்தாவில் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே அட்மிட் ஆகவேண்டிய கேஸ் என்று அவர்களே எழுதினார்கள். பெட் இல்லை.

12.20, கல்கத்தா மருத்துவக் கல்லூரி. பெட் இல்லை.

1 மணி, சம்புநாத் பண்டிட் ஆஸ்பத்திரி. நரம்பு அறுவை சிகிச்சை வசதி இங்கே இல்லை, மருத்துவக் கல்லூரி எதற்காவது போங்கள்.

2 மணி, கல்கத்தா நேஷனல் மருத்துவக் கல்லூரி. பெட் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். மண்டைக்குள் ரத்தம் கசியும் ஒரு மனிதர். கூட வந்தவர்களும் கூலிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நடுராத்திரி கல்கத்தா. ஜூலை மாதம் என்றால் அங்கே மழைக்காலம். ரெண்டு மணிக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி கிடையாது. எந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்களோ. நாம் ஓலா வர ஆறு நிமிஷம் லேட் ஆனால் ஒரு ஸ்டார் கொடுக்கிறோம்.

காலை 8 மணி, பாங்கூர் நரம்பியல் நிலையம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கட்டணம் 1,310 ரூபாய், கையிலிருந்து கட்டியாயிற்று. உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறது, எமர்ஜென்ஸி கேஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எமர்ஜென்ஸி வசதி அங்கே கிடையாது. 10 மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி. நரம்பு அறுவை சிகிச்சை வசதி இல்லை என்று அங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சுகாதார நிலையத்தையும் சேர்த்து ஏழு அரசு இடங்கள். ஒவ்வொன்றும் 'இது அவசரம்' என்பதில் ஏகமனதாக இருந்தன. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. ஜூலை 22 வரை இருந்து, நல்லவேளை, உயிர் பிழைத்தார். பில் சுமார் 17,000 ரூபாய். 1992-ல் விவசாயக் கூலிக்கு 17,000 என்பது எத்தனை வருஷ உழைப்பு என்று கணக்குப் போட அக்கவுண்டன்ட் வேண்டியதில்லை.

வழக்கமாக நம் ஊரில் கதை இங்கே முடிந்திருக்கும். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, 'உயிர் பிழைச்சதே ஆண்டவன் புண்ணியம்' என்று போயிருப்பார்கள். இவர் ஒரு சங்கத்தில் உறுப்பினர். பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி. பேரைச் சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது, ஆனால் சுப்ரீம் கோர்ட் வரை போகிற மூச்சு அதற்கு இருந்தது. தொழிலாளியும் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கேட்ட கேள்வி ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளாதது 21-வது பிரிவில் உள்ள உயிர் வாழும் உரிமையை மீறியதா இல்லையா?

அரசாங்கம் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும். பெட் காலி இல்லை.

ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டியின் யோசனைகளைப் படித்தால் நம் ஆஸ்பத்திரிகளை நன்றாகத் தெரிந்த மனிதர் என்று புரிகிறது. ஒரு வார்டில் பெட் இல்லையென்றால் அவசரமில்லாத வார்டிலிருந்து கடன் வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் ட்ராலியில் படுக்க வையுங்கள். அதுவும் முடியாதபோது தரையில். சென்னை ஜி.ஹெச்சிலோ மதுரை பெரியாஸ்பத்திரியிலோ பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்து முகம் சுளித்திருப்போம். ஆனால் தரையில் படுக்கவைத்து க்ளூக்கோஸ் ஏற்றும் ஆஸ்பத்திரி, பளபளவென்று காலி தரையைக் காட்டித் திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரியைவிட எத்தனையோ மேல்.

இன்னொரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளியைப் பார்க்கும் டாக்டர் சீட்டில் தன் முழுப் பெயரை, தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வந்த நேரம், போன நேரம் ரிஜிஸ்டரில் இருக்கவேண்டும். நோயாளியிடம் கொடுத்த சீட்டுக்கு ஆஸ்பத்திரியிலும் ஒரு பதிவு இருக்கவேண்டும். இந்த தேசத்தில் டாக்டர்களைத் தெளிவாக எழுதச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டிருக்கிறார். சிரிப்பு ஒருபுறம் இருக்க, விஷயம் ஆழமானது. ராத்திரி ஒரு மணிக்கு 'போ' என்று சொன்னவர் யார் என்று தெரியாதவரை அது யாருடைய தப்பும் இல்லை. சிஸ்டம் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் காப்பி சாப்பிடப் போகலாம். பெயரும் நேரமும் எழுதிவிட்டால் கதை வேறு.

1996 மே 6-ம் தேதி நீதிபதிகள் எஸ்.சி. அகர்வாலும் ஜி.டி. நானாவதியும் தீர்ப்புச் சொன்னார்கள். அவசர சிகிச்சை வேண்டியவனுக்கு அரசு ஆஸ்பத்திரி அதை உரிய நேரத்தில் தராவிட்டால் அது அவனுடைய உயிர் வாழும் உரிமையை மீறிய செயல். 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடு. எந்த ஆஸ்பத்திரியில் பெட் இருக்கிறது என்று உடனே கண்டுபிடிக்கத் தகவல் தொடர்பு ஏற்பாடு செய். ஆம்புலன்ஸ் வை. வழக்கில் இல்லாத மற்ற மாநிலங்களும் இதைக் கவனித்துச் செய்யட்டும்.

"காசு இல்லை" என்பதற்கும் பதில் இருந்தது. ஏழைக் கைதிக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது அரசின் கடமை, கஜானாவைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது என்று கோர்ட் முன்பே சொல்லியிருந்தது. மருத்துவத்துக்கும் அதே நியாயம்தான் என்றார்கள். திருட்டுக் கேஸில் மாட்டியவனுக்கு சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு, ரயிலிலிருந்து விழுந்தவனுக்கு சர்க்கார் செலவில் கட்டில் இல்லையென்றால் நன்றாகவா இருக்கும்? இதை நான் அக்கவுண்ட்ஸ் நண்பரிடம் சொன்னபோது, "தீர்ப்பு சரிய்யா, பட்ஜெட்ல எந்த ஹெட்ல போட்டான்?" என்றார்.

அவர் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. காரணம், இந்தத் தீர்ப்பு வந்த அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. டர்பன் நகரம். 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் ஊர். அதனால் அந்த வழக்கின் பெயர் 'சூப்ரமணி' என்று இருப்பதில் ஆச்சரியமில்லை. 41 வயது, வேலையில்லாதவர், சர்க்கரை வியாதி, இதய நோய், 1996-ல் இரண்டு கிட்னியும் போய்விட்டன. காசிருந்தவரை தனியாரிடம் டயாலிஸிஸ் செய்துகொண்டார். காசு தீர்ந்ததும் ஆடிங்டன் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மொத்த மாகாணத்தின் பாரத்தையும் சுமந்த அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவை இருபது டயாலிஸிஸ் மெஷின்கள், அதிலும் சில கிழடுதட்டியவை. கிட்னி மாற்று ஆபரேஷனுக்குத் தகுதியானவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் சூப்ரமணி அதில் தேறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டத்தில் இல்லாத சொல் அவர்கள் சட்டத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மண்டேலா காலத்தில் எழுதிய புத்தம்புது அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு, மருத்துவம் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. 1997 நவம்பரில் அந்த நாட்டின் அரசியல் சட்டக் கோர்ட் சூப்ரமணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தொடர்ந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்யவேண்டிய டயாலிஸிஸ் 'அவசரம்' ஆகாது, இருக்கிற வசதியை ஆஸ்பத்திரி நியாயமாகத்தான் பங்கிடுகிறது என்றார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அந்த நீதிபதிகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைச் சேர்த்தால் இன்னொருவரைக் கட்டிலிலிருந்து இறக்கவேண்டும், அந்த இன்னொருவருக்கு வக்கீல் இல்லை. ஆக, சட்டத்தில் எழுதாத இடத்தில் உரிமை கிடைத்தது, எழுதிய இடத்தில் கிடைக்கவில்லை. நடுவில் நின்றது இருபது மெஷின். மெஷினை இருபத்தைந்தாக்கும் வேலை கோர்ட்டில் நடப்பதில்லை. பட்ஜெட்டில், டெண்டரில், குடோனில் நடக்கிறது. அந்தப் பக்கம் கோஷம் போட யாரும் போவதில்லை, போரடிக்கும்.

போரடிக்கும் வேலையில் தமிழ்நாடு கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தனியாக ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பித்தார்கள். மொத்தமாக டெண்டர் விட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன் வைத்து, எந்த மாத்திரை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கு வைத்ததை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போயின. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. கல்கத்தா தீர்ப்பு கேட்ட ஆம்புலன்ஸுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த பதில் மாதிரி. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவில், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்கூட. ஆரம்பித்தபோது உச்சவரம்பு ஒரு லட்சம். உள்ளூர்க்காரரா, வெளியூரா, ரேஷன் கார்டு உண்டா என்ற கேள்வி கிடையாது.

ராஜஸ்தான் இன்னும் ஒருபடி போய் 2023 மார்ச்சில் 'ஆரோக்கிய உரிமைச் சட்டம்' என்றே பெயர் வைத்துச் சட்டம் போட்டது. இந்தியாவில் முதல் தடவை. தனியாரானாலும் முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தரவேண்டும், கட்ட முடியாதவர்களுக்கு அரசு கட்டும் என்றது. டாக்டர்கள் தெருவில் இறங்கி ஸ்ட்ரைக் செய்தார்கள். 'அரசு எப்போ கட்டும்?' என்பது அவர்கள் கேள்வி. சர்க்காரிடம் பில் பாஸ் பண்ணிய அனுபவமுள்ள யாரும் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள்.

இதெல்லாம் ஏழைகள் சமாசாரம், நமக்குத்தான் கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கிறதே என்று பர்ஸைத் தட்டிப் பார்க்கும் இளைஞருக்கு ஒரு புள்ளிவிவரம். 2021-22 அரசுக் கணக்குப்படி இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இது 64. குறைந்திருக்கிறது, சந்தோஷம். மீதி 39-ல்தான் அம்மாவின் வளையலும் பி.எஃப். அட்வான்ஸும் இருக்கின்றன. கார்டு வைத்திருப்பவர்களுக்கும், டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கு பெட்டி கட்டிவிட்டு 'அப்ரூவல் வரலை' என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் அனுபவம் உண்டு. 2024 மே மாதம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு ஒரு உத்தரவு போட்டது. கேஷ்லெஸ் அனுமதி கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி. அதற்கு மேல் ஆனால், தாமதத்தால் ஏறும் ஆஸ்பத்திரிக் கட்டணம் கம்பெனி தலையில். கவுன்ட்டரில் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் ஒரு கணம் சுவரைப் பார்ப்பதை விட்டு உங்களைப் பார்ப்பார்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க நீங்கள் தயங்கினால் காரணம் எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் உதவியவர் மேல் கேஸ் வராது. பெயர், விலாசம் சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆபீஸுக்குப் போகலாம்.

அங்கே "பெட் இல்லை, வேற இடம் பாருங்க" என்று யாராவது சொன்னால் கத்தவேண்டாம். ஆஸ்பத்திரியில் கத்துபவர்களை எல்லோரும் பழகிவிட்டார்கள். "சரிங்க ஸார், முதலுதவி கொடுங்க. அப்புறம் அதையே இந்தச் சீட்டுல எழுதி, உங்க முழுப் பேரும் டைமும் போட்டுக் கொடுத்துடுங்க" என்று பேனாவை நீட்டுங்கள். எத்தனையோ இடங்களில் பேனாவைப் பார்த்ததும் வார்டுக்குள் ஒரு ட்ராலி கிடைத்துவிடும்.